தன்பாலீர்ப்பு பற்றி நம்ம ஊரில் என்னிடம் கேட்கிற கேள்விகள்

நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாக்காரன், வயது 46. ஆணாகப் பிறந்து ஆணையே விரும்புகிறவன். 2018-ல் உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்று சொன்ன பிறகு இதைச் சொந்தபந்தங்களிடம் மறைப்பதை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து கல்யாண வீட்டில் இலை போடுவதற்கு முன்னால், சாயாக் கடையில், ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, நடுராத்திரி வாட்ஸ்ஆப்பில் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சிலர் சண்டைக்குக் கேட்கிறார்கள், சிலர் தங்கள் பிள்ளையை நினைத்துப் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அடிக்கடி வருவதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இதை என்ன பெயர் சொல்லிப் பேசுவது?

என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அது போதும். ஆனால் விஷயத்தைப் பற்றிப் பேசும்போது 'ஓரினச்சேர்க்கை' என்ற வார்த்தையைத் தவிர்த்தால் நல்லது. பத்திரிகைகள் வருடக்கணக்காக அப்படித்தான் எழுதின. அது படுக்கையை மட்டும்தான் காட்டுகிறது. காய்ச்சலில் கிடக்கிறவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதும், அவனுடைய பஸ் கிளம்பும் வரைக்கும் வடசேரி ஸ்டாண்டில் கூடவே நிற்பதும் அந்த வார்த்தைக்குள் வராது. தன்பாலீர்ப்பு, தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதற்குப் பிறகு 2022-ல் தமிழ்நாடு அரசே எந்தெந்தச் சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்று அரசிதழில் ஒரு பட்டியல் வெளியிட்டது.

கெட்ட வார்த்தைகளை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்துவிடுகிறோம். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் போர்டில் 9 என்று எழுதினாலே பின் பெஞ்சு மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று எனக்கே தெரியாத வயது அது. அவர்களுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

திருநங்கைகளும் நீங்களும் ஒன்றுதானே?

இல்லை. திருநங்கை என்பது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது. தன்பாலீர்ப்பு என்பது யார் மேல் மனசு போகிறது என்பது. நான் ஆண்தான், அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் அடி விழும்போது ரெண்டு பேருக்கும் ஒரே கைதான் அடிக்கிறது. அவர்கள் வெளியே தெரிகிறவர்கள் என்பதால் அவர்களுக்குத்தான் முதல் அடி. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடி வாங்கித் தந்த பாதையில்தான் எங்களைப் போன்றவர்கள் பிற்பாடு நடந்து வந்தோம். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இது வெள்ளைக்காரனிடமிருந்து வந்த பழக்கம்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் உண்மை அப்படியே தலைகீழாக இருக்கிறது. கப்பல் ஏறி வந்தது ஈர்ப்பு இல்லை, தண்டனைதான்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி ராஜாவாக இருந்தபோது, 1533-ல், ஆணும் ஆணும் சேர்ந்தால் தூக்கு என்று சட்டம் போட்டார்கள். அந்தக் குற்றத்துக்காக அங்கே கடைசியாகத் தூக்கில் தொங்கியவர்கள் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்று ரெண்டு பேர், வருடம் 1835, இடம் லண்டன் நியூகேட் சிறை வாசல். அதற்கு ரெண்டு வருடம் கழித்து, 1837-ல், மெக்காலே தலைமையிலான குழு இந்தியாவுக்கான தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை முடித்தது. 1860-ல் அது சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒன்றுதான் 377-ஆவது பிரிவு. 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான' உடலுறவுக்கு ஆயுள் தண்டனை, அல்லது பத்து வருடம் வரை சிறையும் அபராதமும். இயற்கையின் ஒழுங்கு என்றால் என்ன என்று எழுதியவர்கள் விளக்கவே இல்லை. அதே சரக்கைத்தான் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் அனுப்பினார்கள், இலங்கைக்கு 365 என்ற எண்ணில் போனது. இலங்கையில் அது இன்றைக்கும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் 2022-ல்தான் நீக்கியது.

அதற்காக, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே எல்லாம் நன்றாக இருந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். மனு தர்மத்தில் ஆணோடு சேர்ந்த ஆணுக்கு உடுத்த துணியோடு குளித்துவிட்டால் போதும் என்று இருக்கிறது, ஆனால் ஒரு கன்னிப்பெண்ணைத் தொட்ட பெண்ணுக்கு மொட்டை அல்லது விரல் வெட்டு, கூடவே கழுதை ஊர்வலம். பெண் என்றால் எப்போதும் ரெட்டை அடி. ஆனால் ஒரு தேசம் முழுக்க, போலீஸ் ஸ்டேஷன் போலீஸ் ஸ்டேஷனாக, ஒரே வரியை வைத்து மனுஷனைக் குற்றவாளி ஆக்கியது 1860-ன் வேலை.

அப்போது நாம் திருவிதாங்கூரில் அல்லவா இருந்தோம்?

ஆமாம், அதனால் கதை கொஞ்சம் சுற்றி வருகிறது. திருவிதாங்கூர் மன்னராட்சிக்குத் தனித் தண்டனைச் சட்டம் இருந்தது. அதுவும் பிரிட்டிஷ் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே மாநிலம் ஆனது, 1951-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் நேரடியாக இங்கே வந்தது, 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கொடி மாறியது, தலைநகரம் மாறியது, அந்த ஒரு பயம் மட்டும் மாறவே இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் நினைவு வருவது வேறு ஒரு விஷயம். உடம்பை வைத்து மனுஷனைத் தண்டிப்பது நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. சுசீந்திரம் கோயிலில் ஒரு காலத்தில் ஒழுக்கம் தவறியதாகக் குற்றம்சாட்டப்பட்ட நம்பூதிரிகளின் கையைக் கொதிக்கிற நெய்யில் முக்கவைத்துச் சோதித்தார்கள். சுவாதித் திருநாள்தான் அதை நிறுத்தினார். 1822 தொடங்கி 1859 வரை தோள்சீலைக் கலவரம். நம்ம பாட்டிமார் மார்பை மூடினால் அது குற்றம், சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26-ல் ராஜா அனுமதி கொடுத்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்று ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார். அதற்கு மறு வருடம்தான் 377 சட்டமானது. அதனால்தான் நம்ம மாவட்டத்துக்காரர் ஒருவர் 'காலங்காலமாக இப்படித்தான்' என்று என்னிடம் சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. காலங்காலமாக என்று சொல்லித்தானே உங்கள் பாட்டியின் சீலையையும் கிழித்தார்கள்?

377-ஐ வைத்து நிஜமாகவே யாரையாவது ஜெயிலில் போட்டார்களா? சும்மா புத்தகத்தில் கிடந்த சட்டம்தானே?

2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்ற இந்தப் பிரிவை 2013-ல் திரும்பக் கொண்டுவந்தபோது உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் சொன்னது: 150 வருடத்தில் 200 பேருக்கும் குறைவாகத்தான் வழக்கு நடந்திருக்கிறது, இவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதி, அதனால் சட்டம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

வழக்கு நடந்தது உண்மைதான். 1884-லேயே கைராத்தி என்ற ஒருவரைப் பெண் உடுப்பில் பாட்டுப் பாடியதற்காகப் பிடித்து, டாக்டர் பரிசோதனை செய்து, தண்டித்து, கடைசியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் எந்த நாள், எந்த இடம், யாரோடு என்று எதுவுமே நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. 2001-ல் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்தவர்களையே பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆனால் அந்தப் பிரிவு தினமும் செய்த வேலை கோர்ட்டுக்கு வெளியே நடந்தது. எந்தக் கணக்கிலும் வராது.

என் கூட்டுக்காரன் ஒருத்தனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2011, கன்னியாகுமரிக் கடற்கரை, சூரியன் மறைந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம். இவனும் இன்னொருவனும் பாறை மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், பேச்சுதான், வேறு எதுவும் இல்லை. ரெண்டு பேர் வந்து போலீஸ் என்றார்கள். நிஜப் போலீசா என்று இன்றுவரை தெரியாது. '377 தெரியுமாலே? வீட்டு நம்பர் சொல்லு' என்று ஒரே வாக்கியம். இவன் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தான். மோதிரம் விரலை விட்டு வரவில்லை, கடல் தண்ணீரில் கையை நனைத்து முறுக்கி முறுக்கிக் கழற்றிக் கொடுத்தான். அப்புறம் ஏடிஎம்முக்குக் கூட்டிப்போய் இருந்ததையெல்லாம் எடுக்க வைத்தார்கள். மோதிரம் எங்கே என்று அம்மா கேட்டதற்குக் கடலில் விழுந்தது என்றான். யாரிடம் போய்ப் புகார் கொடுக்க முடியும்? கொடுக்கிறவன்தானே சட்டப்படி குற்றவாளி? அந்த 200 பேரில் இவன் இல்லை. இவனை மாதிரி எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதும் இல்லை.

வெளிநாடுகளில் எல்லாம் சுதந்திரமாகத்தானே இருந்தார்கள்?

ஜெர்மனியில் 175-ஆவது பிரிவு 1871-லிருந்து இருந்தது. நாஜிகள் 1935-ல் அதைக் கடுமையாக்கி ஆயிரக்கணக்கான ஆண்களை முகாம்களுக்கு அனுப்பினார்கள், சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணத் துணி தைத்து. கொடுமை என்னவென்றால், போர் முடிந்த பிறகும் மேற்கு ஜெர்மனியில் அந்தப் பிரிவு தளர்த்தப்படாமல் 1969 வரை அப்படியே இருந்தது. முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்களே மறுபடியும் குற்றவாளிகள்.

அப்புறம் ஆலன் டூரிங். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்திருக்கும். அவருடைய அம்மா பிறந்தது நம்ம போத்தனூரில், தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர், அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் அதிகாரி. போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய அந்த மனுஷனை 1952-ல் இதே குற்றத்துக்காகத் தண்டித்து, ஜெயிலா ஹார்மோன் சிகிச்சையா என்று கேட்டார்கள். சிகிச்சையை எடுத்துக்கொண்டார். 1954-ல் சயனைடில் இறந்தார், வயது 41. பிரிட்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2013 டிசம்பர் 24. நம்ம உச்ச நீதிமன்றம் 377-ஐத் திரும்ப உயிர்ப்பித்தது அதே மாதம் 11-ஆம் தேதி. சட்டத்தைத் தந்தவர்கள் மன்னிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள், நாம் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த ரெண்டு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

இது ஒரு நோயா? சிகிச்சை உண்டா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இது மனநோய் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

என்னைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனது 1998-ல். 'மக்களே, இதுக்கு மருந்து உண்டாம், கேட்டியா' என்று அம்மா ராத்திரி என் பாயில் வந்து உட்கார்ந்து சொன்னாள். டாக்டர் ஒரு மாத மாத்திரை எழுதினார். நாக்கு தடித்துப்போய் நாள் முழுக்கத் தூங்கினேன், ரப்பர் வெட்டப் போகவும் முடியவில்லை. ஈர்ப்பு அப்படியேதான் இருந்தது. அப்புறம் ஒரு ஜெபவீட்டில் மூன்று நாள் உபவாசம். நெற்றியில் எண்ணெய் தடவி, ரெண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தர் தலையில் கை வைத்து அழுத்தி 'வெளியே போ, வெளியே போ' என்று கத்தினார். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது அம்மா சுவரோரம் இருந்தாள், மஞ்சள் துணிப்பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. பொய் சொன்னால்தான் இவள் வீட்டுக்குப் போவாள் என்று தோன்றியது. சரியாகிவிட்டது என்று சொன்னேன். உலகம் நோயில்லை என்று சொல்லி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இப்போது அப்படி மாற்றுவதாகச் சொல்லி எந்த மருத்துவராவது பணம் வாங்கினால் அது தொழில்முறைத் தவறு. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் எல்லா மாநிலக் கவுன்சில்களுக்கும் எழுதியிருக்கிறது. புகார் கொடுக்கலாம். பிள்ளையின் மனச்சோர்வுக்கு உதவி வேண்டும் என்றால் அது வேறு, 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநல எண்.

கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? அவளுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள்.

பெண்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவுதானே?

377-ஆல் பெண்கள் பெரிதாகப் பிடிபடவில்லை, அவர்களைப் பிடிக்கச் சட்டமே தேவைப்படவில்லை. போனைப் பிடுங்கி, கதவைப் பூட்டி, மாமா மகனுக்குத் தேதி குறித்துவிட்டால் முடிந்தது. ஆண்பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓடிவிடலாம். பெண் ஓடினால் அப்பாவே 'காணவில்லை' என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவார், போலீஸ் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து விடும்.

2021-ல் மதுரையிலிருந்து ரெண்டு பெண்கள் இப்படித்தான் சென்னைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். இந்த விஷயத்தில் எனக்கே தெளிவு இல்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொண்டு, அதற்கப்புறம்தான் ஜூன் 7-ல் உத்தரவு எழுதினார். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை, இப்படி வயது வந்தவர்கள் விருப்பத்தோடு போயிருந்தால் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது. அதன் தொடர்ச்சியாக 2022-ல் போலீசார் நடத்தை விதிகளிலேயே அரசு திருத்தம் கொண்டுவந்தது. 2025-ல் வேலூர்ப் பக்கம் வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவளுடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் உண்டாவதில்லை என்று நீதிமன்றம் சொல்லி அவளை விடுவித்தது. நம்ம மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் 15100, இலவச சட்ட உதவி எண்.

வேதத்தில் பாவம் என்று இருக்கிறதே?

நானும் சபைக்குப் போகிறவன்தான். வசனத்துக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கத்தோலிக்கக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ், இது குற்றம் அல்ல, இதைக் குற்றமாக்குகிற சட்டங்கள் அநியாயம் என்று சொன்னார். பாவம் என்ற போதனையை அவர் மாற்றவில்லை, ஆனால் பாவம் என்று நினைப்பதும் பிள்ளையைப் போட்டு அடிப்பதும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2009 ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-லிருந்து எங்களை விடுவித்தது. 2010-ல் அலிகார் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிராஸின் வீட்டுக்குள் கேமராவோடு புகுந்து படம் பிடித்தார்கள், பணியிடை நீக்கம் செய்தார்கள், உயர் நீதிமன்றம் திரும்ப வேலை கொடுக்கச் சொன்ன சில நாளில் அவர் இறந்து கிடந்தார். சட்டம் ஓய்ந்தாலும் ஆட்கள் ஓய்வதில்லை. 2013-ல் மறுபடி குற்றம். கடைசியில் 2018 செப்டம்பர் 6, ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில், வயது வந்தவர்களின் விருப்ப உறவு குற்றமில்லை என்றார்கள். நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இவர்களிடமும் இவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். நான் அப்போது மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் இருந்தேன். தக்கலையில் வண்டி நின்றபோது போனில் படித்தேன். குடும்பங்களிடமும் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அந்த மஞ்சள் பை ஞாபகம் வந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

2024 ஜூலை 1-ல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவில் 377 என்ற பிரிவே இல்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. வயது வந்த ஆணை ஒருவர் பலவந்தம் செய்தால் வழக்குப் போட அந்தப் பிரிவு ஒன்றுதான் இருந்தது, அதையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள், பதிலுக்கு எதையும் வைக்கவில்லை.

வளைகுடாவில் வேலைக்குப் போகிறேன். அங்கே?

கவனமாக இரு, மக்கா. சவூதி, குவைத், கத்தார் எல்லாவற்றிலும் குற்றம்தான். போனில் இருக்கிற டேட்டிங் ஆப், படம், மெசேஜ் எல்லாவற்றையும் இங்கேயே அழித்துவிட்டு விமானம் ஏறு.

ரெண்டு பேர் சேர்ந்து வாழலாமா? ஒருவர் இறந்தால் மற்றவருக்கு என்ன உரிமை?

சேர்ந்து வாழலாம், யாரும் தடுக்க முடியாது. கல்யாணம் மட்டும் இல்லை. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றுவிட்டது, சீராய்வு மனுவும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆனது. அதனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ரெண்டு பேரும் அந்நியர்கள். இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது இது: வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நியமனதாரராகப் போடலாம், தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. மேனேஜர் தெரியாது என்று சொன்னால் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டுங்கள். வீடு வாங்கினால் ரெண்டு பேர் பெயரிலும் பத்திரம் போடுங்கள். நியமனதாரர் என்பது பணத்தை வாங்கிக்கொள்கிற ஆள் மட்டும்தான், வாரிசு ஆகிவிட மாட்டார், ஆகவே உயில் கட்டாயம் வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதலாம், பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்றாலும் பதிவு செய்துவிடுங்கள், பின்னால் அண்ணன் தம்பிமார் வந்து கேட்கும்போது உதவும். ரெண்டு சாட்சிகள் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், உயிலில் சொத்து கிடைக்கிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. என்னுடையதில் ஒரு சாட்சி என் மைனி. இன்னொன்று அந்தக் கடற்கரையில் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவன்.